தனம்மாவின் தலைமுடி

1946 ஆகஸ்ட் 12, திங்கள்

இந்த முதியோர் விடுதியில் தலை வாரிக்கொள்ள முடியாதவர்களுக்கு முடியை ஒட்ட வெட்டிவிடுவது வழக்கம். இன்று காலை மேட்ரன் கத்தரிக்கோலுடன் எனக்கு அடுத்த கட்டிலுக்கு வந்தார். தனம்மா அடையாற்றங்கரையில் கீரை விற்றவள். வாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. முடி மட்டும் இன்னும் இடுப்பு வரை இருக்கிறது.

நான் குறுக்கே போய் நின்றேன்.

"அவளைக் கேட்டீர்களா?"

"இதுல கேக்க என்னம்மா இருக்கு? பேன் பரவுது, நகருங்க."

"முடி அவளுடையது. கேட்காமல் வெட்டுவதென்றால் முதலில் என்னுடையதை வெட்டுங்கள்."

மேட்ரன் பெருமூச்சு விட்டுக் குனிந்தார். "தனம்மா, வெட்டலாமா?"

இங்கே அவளிடம் யாரும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் நிதானமாக யோசித்தாள்.

"வெட்டிடு. அரிப்பு தாங்கல."

என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா இங்கிலீஷம்மா, மூஞ்சி தொங்கிப்போச்சு? பேனு என்னியத்தானே கடிக்குது! மேட்ரனம்மா, முடிய குப்பையில போடாத. எனுக்கு சவுரி கட்டணும். எம் மவ வர்றப்போ வச்சிக்கினு குந்துவேன்."

மேட்ரன் வெட்டிய முடியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். மாலையில் வெந்நீரில் அலசி, சவுரி கட்டினேன். முடிச்சு தளர்ந்திருக்கிறதாம்; இரண்டு முறை அவிழ்க்கச் சொன்னாள். என் முடிச்சில் ஒரு குறையும் இல்லை.

நாளை கத்தரிக்கோல் கிழக்குக் கூடத்துக்குப் போகிறது. மேட்ரன் கேட்கிறாரா என்று பார்க்க நானும் போவேன். தன்னையும் நாற்காலியில் தூக்கிப்போகச் சொல்கிறாள் தனம்மா. என் புத்தகத் தமிழ் அங்கே யாருக்கும் புரியாதாம்.