ரிக் வண்டி நெற்றியில் என் பாஸ்வேர்டு

டிசம்பர் 23, செவ்வாய். திருச்செங்கோடு.

காலையில் பனி. நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியும் திருத்த மாட்டேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. கணக்கு சுமார். இரவு அம்மாவும் நானும் கென்யா கிளம்புகிறோம். அப்பா அங்கே போர்வெல் போடும் ரிக் வண்டியின் மேனேஜர். ஊருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

சிக்கல்: சனிக்கிழமை பேச்சுப் போட்டியின் இறுதிச் சுற்று. ஆன்லைனில். சேலம், நாமக்கல் இரண்டுக்கும் சேர்த்து ஆறே பேர். நம் நேரம் மாலை நாலு, அங்கே மதியம் ஒன்றரை. லேப்டாப்பில்தான் வர வேண்டும், கேமரா கட்டாயம். வராவிட்டால் என் இடம் எடப்பாடிப் பள்ளிப் பெண்ணுக்கு.

தமிழ் மிஸ்: "அந்தக் காட்டுல நெட்டு கிடைக்குமா பொண்ணு?"

கிடைக்கும் என்றேன். எல்லாம் படித்து வைத்திருக்கிறேன். நம்மூர் சிம்மில் வெளிநாட்டு பேக் போட்டால் விலை அதிகம், டேட்டா கொஞ்சம். அது ஓடிபி வருவதற்கு மட்டும். அங்கே போய் அந்த ஊர் சிம். அதைப் போனில் போட்டு, ஹாட்ஸ்பாட் வழியாக லேப்டாப்புக்கு.

எடுத்து வைத்தவை: சித்தப்பாவின் லேப்டாப், சார்ஜர், அந்த ஊர் பிளக்குக்கு அடாப்டர். அம்மா எடுத்து வைத்தவை: முறுக்கு, பருப்புப் பொடி, ரிக் வண்டிக்குக் குங்குமம்.

டிசம்பர் 25, வியாழன். கென்யா, ரிக் கேம்ப்.

நேற்று வந்து சேர்ந்தோம். வெயில் உண்டு, வியர்வை இல்லை. மண் நம்மூர்ச் செம்மண் மாதிரியே. அப்பா இளைத்திருக்கிறார். அம்மா முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

வரும் வழியில் டவுனில் சிம் வாங்கியாயிற்று. அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பதிந்து, அம்மாவைப் போட்டோ எடுத்தார்கள். கடைக்கார அக்கா சிரிக்கச் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை. ஐந்து ஜிபி பேக். போட்டிக்குத் தாராளம்.

கேம்ப்பில் சிக்னல் ஒரு கோடுதான். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். குழிக்குள் இறக்கும் கேசிங் பைப் வராததால் ரிக் சும்மா நிற்கிறது, அதன் உயரமான இரும்புக் கம்பத்தை, மாஸ்ட்டை, தூக்கி வைத்திருக்கிறார்கள். அதன் உச்சிக்குப் போனைக் கயிற்றில் ஏற்றினால்? மஞ்சள் பையில் போனையும் பவர் பேங்கையும் போட்டு அப்பாவே ஏற்றினார், போட்டி வரை அங்கேயே இருக்கட்டும் என்று. கீழே லேப்டாப்பில் நெட் ஓடியது.

சமையல் முத்து அண்ணன்: "தண்ணிக்குக் கீழ போவோம். நெட்டுக்கு மேல போறது இப்பத்தான் பாக்கறேன் அம்மிணி."

லேப்டாப் தானாக அப்டேட் இறக்கி டேட்டாவைத் தின்னும் என்று படித்திருந்தேன். அணைத்துவிட்டேன். ஹாட்ஸ்பாட்டுக்குப் பாஸ்வேர்டும் வைத்தேன்: எங்கள் குலசாமி, செல்லாண்டியம்மன், ஆங்கில எழுத்தில். எந்த ஓட்டையும் இல்லை.

டிசம்பர் 26, வெள்ளி.

பேச்சை நாலு தடவை பார்க்காமல் சொன்னேன். சாயங்காலம் ரிக் அடியில் ஒரே கூட்டம், பேச்சு, சிரிப்பு. எனக்குப் பேச்சு மனப்பாடம் ஆவதுதான் முக்கியம். எட்டிப் பார்க்கவில்லை.

டிசம்பர் 27, சனி.

காலை. மேகமூட்டம். ஒத்திகை பார்க்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தால் நெட் இல்லை. போனை இறக்கிப் பார்த்தேன். ஐந்து ஜிபியும் காலி.

நேற்று கேம்ப் முழுக்க என் நெட்டில் ஊருக்கு வீடியோ கால் பேசியிருக்கிறது.

"பாஸ்வேர்டு யாருங்கண்ணா சொன்னது?" என்றேன்.

முத்து அண்ணன் ரிக் வண்டியைக் கைகாட்டினார். முன்கண்ணாடிக்கு மேலே, ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், செல்லாண்டியம்மன் துணை. இந்த வண்டியில் வேலை செய்கிற அத்தனை பேரும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். பாதிப் பேருக்கு அதே குலசாமி.

அப்பா: "நெத்தியில எழுதி வச்சுப்போட்டு, திருடிட்டாங்கன்னு அழுவாத சாமி."

அம்மா: "ஏனுங்க, புள்ள போட்டி போயிரும்ங்கறா, நீங்க சிரிக்கறீங்க."

அழுதேன். உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். கொஞ்ச நேரம்தான். பிறகு யோசித்தேன். அப்பாவின் போனில் டேட்டா கிடையாது. மற்றவர்கள் போனிலும் பேசுவதற்கு மட்டும்தான் காசு. ரீசார்ஜ் கார்டு விற்கும் கடை பிரிவு ரோட்டில்.

"நான் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினார் டீசல் லாரி ஓட்டும் செல்வராசு அண்ணன்.

அவர் போன பிறகு முத்து அண்ணன் சொன்னது: செல்வராசு அண்ணனுக்குப் பள்ளிபாளையத்தில் பெண் குழந்தை பிறந்து இரண்டு வாரம். போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். நேற்று டீசல் எடுத்துக்கொண்டு கடைசியாக வந்தார். அவர் முறை வரும்போது நெட் தீர்ந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்குள் கார்டோடு வந்துவிட்டார். சுரண்டி, நம்பர் அடித்து, பேக் போட்டு, பாஸ்வேர்டை மாற்றி, போனை மறுபடி மாஸ்ட்டில் ஏற்றினோம்.

இரவு ஏழரை.

ஒன்றரைக்குச் சரியாக உள்ளே போய்விட்டேன். நடுவில் நடுவர்கள் படம் அப்படியே நின்றது. நான் நிறுத்தவில்லை. படம் திரும்பி வந்தபோது ஒருவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். முடிவு திங்கட்கிழமை. நன்றாகத்தான் பேசினேன்.

பேக்கில் டேட்டா மிச்சம் பார்த்தேன். நிறையவே இருந்தது. செல்வராசு அண்ணன் போனை வாங்கி, புதுப் பாஸ்வேர்டை நானே அடித்துக் கொடுத்தேன்.

"என்னன்னு சொல்லலியே அம்மிணி?"

"சொல்ல மாட்டேங்கண்ணா. வேணுங்கறப்ப நானே போட்டுத் தாரேன்."

"அதுஞ்சரி. இந்தக் கூட்டத்துக்குச் சொல்லீறாத."

ரிக் அடியில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ காலில் கூப்பிட்டார். குழந்தை தூங்குகிறதாம். எழுப்பட்டுமா என்று அவர் மனைவி கேட்டது எனக்கும் கேட்டது.

"வேண்டாம். அப்படியே காட்டு."

பார்த்துக்கொண்டே இருக்கிறார். முத்து அண்ணன் மட்டும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "மூக்கு உன்னுது இல்ல, தப்பிச்சுது" என்றார்.

எட்டு மணி. டீசல் மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரை நிறுத்துகிற நேரம். விளக்கை அணைத்துவிட்டார்கள். ரிக் அடியில் ஒரு போன் வெளிச்சம் மட்டும்.