மூணாவது கிளாஸ்

என்னங்க,

பிளோரன்ஸ் அக்காவோட கார்ல அசாம் ஜாவா ஊருக்குப் போறேன், மத்தியானம் வந்துருவேன். உங்களை எழுப்பல. எந்த முகத்தோட எழுப்புறது?

சம்பந்தி அம்மா நேத்து மூக்குக்கண்ணாடியை விட்டுட்டுப் போயிட்டாங்க. பதினோரு மணிக்கு எடுக்க வருவாங்க. டிவி பக்கத்துல வச்சிருக்கேன். அவங்க முன்னாடி கோவத்தைக் காட்டாதீங்க லா. கோவம் என் மேலதானே.

மிச்ச சீஸை நீங்க சொன்ன மாதிரி தாள்ல சுத்தி பிரிட்ஜ்ல வச்சிருக்கேன்.

நேத்து விருந்துல நாலு வைன் போத்தலையும் பேப்பர்ல மறைச்சு, எந்த சீஸுக்கு எந்த வைன் பொருந்துதுன்னு ஆசையா கேட்டீங்க. நான் மூணாவது கிளாஸை மோந்து பார்த்துட்டு, "இது என்னா, இருமல் மருந்தா?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அது நீங்க ஸ்டோர் ரூம்ல எட்டு மாசம் ஊற வச்ச திராட்சை வைன்னு பேப்பரைப் பிரிச்ச பிறகுதான் தெரிஞ்சுச்சு. நீங்களும் சிரிச்சீங்க. ஆனா கிளாஸ் கழுவப் போன ஆளு திரும்பி வந்து உக்காரவே இல்லை.

மன்னிச்சிருங்க.

மவுரீன்

மீன் கறி அடுப்பு மேல. சுட வச்சுச் சாப்பிடுங்க.

காலையில அந்த நீலக் கோடு போட்ட சீஸோட உங்க வைனை ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன். அந்த உப்புக்கு இந்த இனிப்பு அப்படிப் பொருந்துது. கடை வைன் கிட்ட வர முடியாது.

இடமில்லை, ஓரத்துல எழுதுறேன். பேப்பரைப் பிரிச்ச பிறகு தெரிஞ்சுச்சுன்னு மேல எழுதினது பொய். நீங்க போட்ட கிராம்பு வாசனையிலயே உங்களோடதுன்னு தெரிஞ்சிருச்சு. சம்பந்தி அம்மா அதை மோந்துட்டு மூஞ்சியைச் சுளிச்சாங்க. அவங்க குத்தலா வாயைத் திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்.