வாசர்

7.3.89 செவ்வாய்

பக்கத்து வீட்டு வனஜா அக்கா இன்று இடது கையால் கதவைத் தட்டினாள். வலது மணிக்கட்டில் வளையல் ஒன்றுகூட இல்லை. நான்கு விரல் தடம், நீலமாய்.

"பொடவ தடுக்கி வுழுந்துட்டேன்டி சாமு."

விழுந்தால் விரல் தடம் எப்படிப் பதியும்? கேட்கவில்லை. நான் எதைத்தான் கேட்டேன்.

பம்ப் ஸ்டவ்வைக் கொண்டுவந்திருந்தாள். காற்றே ஏறவில்லை. பம்புக்குள் இருக்கும் தோல் வாசர் காய்ந்து கருவாடாகிக் கிடந்தது. கழற்றித் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டேன்.

"ரெண்டு நாளாவுங்க்கா. இது இல்லாம ஸ்டவ் எரியாது."

"அதுவரிக்கும் வெறகுதான். இந்தா, புது துப்பறியும் நாவல். கொலகாரன் யாருன்னு மொதல்லயே சொல்லித் தொலைக்காத, இன்னா?"

வெறும் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போனாள்.

8.3.89

காலை பத்து மணி. அலறல். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து அக்கா எரிந்துகொண்டே வெளியே ஓடி வந்தாள். கூந்தல்தான் கொழுந்துவிட்டு எரிந்தது, புடவையின் கீழ்ப்பக்கம் அப்போதுதான் பற்றியது. அம்மா கோணியைப் போட்டு உருட்டினாள். தோல் கோணியோடு வந்தது.

பின்னாலேயே அவள் புருஷன் மனோகரன் வந்தான். லுங்கியில் ஒரு பொட்டுக் கருகல் இல்லை. "ஐயோ, ஸ்டவ் வெடிச்சிச்சே!"

9.3.89

அக்கா செத்துப்போய்விட்டாள்.

10.3.89

போலீஸ் வந்தது. மேனாம்பேடு ஊரே தெருவில் நின்றது. "பம்ப் அடிச்சிகினே இருந்தா சார், டமார்னு வெடிச்சிச்சி" என்றான் மனோகரன். எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். ஸ்டவ்வையும் எடுத்துப்போனார்கள்.

வாசர் எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் இருக்கிறது. அது இல்லாமல் எந்தப் பம்பை அடித்தாள்? ஒரு நாளாவது அவன் அந்த ஸ்டவ்வைப் பற்றவைத்திருந்தால் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டான்.

அம்மாவிடம் சொன்னேன். என் வாயைப் பொத்தினாள். "அவனுக்குக் கேட்டுடப் போவுதுடி. நாளிக்கி உன்னையும் கொளுத்துவான்."

சாயங்காலம் குழாயடியில் மனோகரன் என் குடத்தைக் காலால் தள்ளினான். "இன்னா சாமு, பொஸ்தகம் குடுக்க ஆளில்லியா இப்போ?" சிரித்தான்.

எட்டாவதோடு நின்றவள் சொன்னா எவன் நம்புவான்? நம்பலைன்னா நான் என்ன ஆவேன்? ஆனா அக்கா எரிஞ்சிகினே என்னையே பாத்தா.

11.3.89

வாசர் நன்றாக ஊறி மெத்தென்று இருந்தது. காகிதத்தில் மடித்துக்கொண்டேன். அம்மா ரேஷனுக்குப் போன நேரம் கிளம்பினேன்.

ஸ்டேஷன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். "இன்னாம்மா?" என்றார் எஸ்.ஐ. அலமாரிமேல் இருந்த அக்காவின் ஸ்டவ்வைக் காட்டினேன்.

"ஒரு தரம் பம்ப் அடிச்சிப் பாருங்க சார்."

அவர் எழுந்து போய் அதை எடுத்தார். நான் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தேன்.