கல்லாற்றுக்கு மேலே மட்டும்

என் பிரியமுள்ள ஜெயா அக்காவுக்கு,

நீ வருஷக்கணக்காகக் காத்திருந்த சேதி நேற்று வந்துவிட்டது. உன்னோடு பாட்டனி டிபார்ட்மென்டில் வேலை பார்த்த ஷெர்லிதான் போன் பண்ணினாள். உன் செடியை உலகப் பட்டியலில் ஏற்றிவிட்டார்களாம். 'அழிவின் விளிம்பில்' என்று போட்டிருக்கிறார்களாம். "கங்கிராட்ஸ், சேதுச்சேட்டா" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழ ஆரம்பித்துவிட்டாள். நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், அக்கா?

ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்முடி பஸ்ஸில் போய்க் கல்லாற்றில் இறங்கி, ஓடையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் உன் பின்னால் ஏறுவேனே, அந்தச் சரிவுதான் அதற்கு வீடு. இடுப்பளவு உயரம், வெள்ளைப் பூ, அதன் உட்குழிவில் மட்டும் ஊதா. "உலகத்துலயே இங்க மட்டுந்தான் இருக்குன்னா நம்புவியாடா?" என்று கேட்பாய். பக்கத்து மலைகளிலும் தேடிவிட்டு, பட்டியல் போடுகிறவர்களுக்கு எழுதினாய். 'தரவு போதாது' என்று பதில் வந்தது. "ஆபத்து இல்லேன்னு அர்த்தமில்லைடா. நமக்கு இன்னும் தெரியலேன்னு அர்த்தம்" என்று எனக்கு விளக்கினாய். மீதித் தரவைச் சேர்ப்பதற்குள் வயிற்றுக் கட்டி உன்னைக் கொண்டுபோயிற்று.

நீ போன மறுவருஷம் அந்தப் பாதையை ஜீப் ரோடு ஆக்கப்போவதாகச் சொன்னார்கள். கீழே பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நானும் போய், இந்தச் செடி வேறெங்கும் இல்லை என்று சொன்னேன். அதிகாரி மரியாதையானவர்தான். "சார் பாட்டனி புரொபசரோ?" என்று கேட்டார். பேங்க் கிளார்க் என்றேன். யாரோ சிரித்தார்கள். "ஈ செடி லிஸ்டில் உண்டோ?" இல்லை என்றேன். பிறகு எந்தக் காரணத்தைக் காட்டி ரோட்டை நிறுத்துவது என்றார். வாஸ்தவம்தானே?

அப்போது தங்கம்மா எழுந்தாள். நாம் டீ குடிக்கிற கடைக்காரி, பாறசாலைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

"சாரே, ஒங்க அக்காவ எனக்குத் தெரியாதா? தங்கமான மனுஷி. ஆனா போன மழையில எம் மருமவள நாற்காலியில வச்சுல்லா தூக்கிட்டு எறங்கினோம். பாதி வழியிலயே பிள்ள போச்சு. ரோடு வேண்டாம்னு நான் எப்படிச் சொல்லுவேன், சொல்லுங்க?"

நான் உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்.

எஞ்சினீயரைக் கையோடு அழைத்துப்போய் ரோட்டை ஓடைக்கு அந்தப் பக்கமாகத் திருப்ப முடியுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் முழுக்கப் பாறை, வெடி வைத்தால் மேலேயுள்ள வீடுகள்மீது மலை இறங்கிவிடும் என்று காட்டினார். எனக்காக ஒருநாள் மிஷினை நிறுத்தி வைத்தார். அவரால் ஆனது அவ்வளவுதான். நானும் ஷெர்லியும் தோண்ட முடிந்ததைத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, மேலே ஓடை நிழலில் நட்டோம். அடுத்த மழை முடிவதற்குள் இலை கறுத்து எல்லாம் போய்விட்டது. கரமனை வீட்டுக்குக் கொண்டுவந்தவை அதற்கும் முன்பே போயின. என் வீட்டுக்காரி லட்சுமி தன் பழைய புடவையைப் பந்தல்போல் கட்டி நிழல் கொடுத்துப் பார்த்தாள். விதையும் முளைக்கவில்லை.

போன மாதம் அந்த ரோட்டில் ஜீப்பில் போனேன். தங்கம்மா வண்டியை மறித்து நிறுத்தி, ஒரு குழந்தையை என் கையில் கொடுத்தாள். பேத்தி. இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். அது என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அக்கா, பொய் சொல்லவில்லை. அடுத்த வளைவில் வெட்டிய சிவப்பு மண்ணைப் பார்த்ததும் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். மிஷின் எட்டாத உயரத்தில், பாறை விளிம்பில், கொஞ்சம் செடிகள் நிற்கின்றன. ஒவ்வொரு மழைக்கும் அவற்றின் அடிமண் சரிகிறது.

இனி அதிகாரிகள் நாம் சொல்வதைக் கேட்பார்கள் என்கிறாள் ஷெர்லி. கேட்பார்கள்தான். மண் கேட்குமா?

நீ பட்ட பாடு வீணில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ஆனால் நீ முடியாமல் படுத்ததால் தேடாமல் விட்ட கிழக்கு ஓடைகள் இன்னும் இருக்கின்றன. மழை விட்டதும் நானும் ஷெர்லியும் அங்கே ஏறப்போகிறோம். முழங்கால் வலிக்கு லட்சுமி தைலம் வாங்கி வைத்திருக்கிறாள். அந்த ஓடைகளையெல்லாம் நடந்து பார்க்காமல், அந்தச் செடி வேறெங்கும் இல்லை என்று யார் சொன்னாலும் நான் தலையாட்ட மாட்டேன். ஒன்று கண்ணில் பட்டாலும் முதலில் உனக்குத்தான் எழுதுவேன். படவில்லை என்றாலும் எழுதுவேன்.

கரமனையிலிருந்து,
உன் ஒரே தம்பி,
சேது