கண்ணாடி ஒலிக்க வேண்டும்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய மகளுக்கு உன் தாய் எழுதுவது. இவ்விடம் நானும் உன் அப்பாவும் உடல்நலத்துடன் இருக்கிறோம்; அவ்விடத்து உன் நலத்தை உன் கையெழுத்திலேயே அறிய விழைகிறேன். கடல்கடந்து நீ அனுப்பிய கைப்பேசி வந்து சேர்ந்த செய்தியை இதுகாறும் தெரிவிக்காமல் இருந்தமைக்கு முதற்கண் என்னைப் பொறுத்தருள வேண்டும். அந்தச் செய்தியை அந்தக் கைப்பேசியிலேயே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அந்த ஆசையே இத்தனை தாமதத்திற்கும் காரணம்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். பெட்டியைப் பிரித்ததும் என் பழைய சிம் அட்டை அதன் வாயில் நுழையவில்லை, அளவில் பெரிதாக இருந்தது. இருபுறமும் தையலுக்கு விடுவதுபோல் விடாமல், கோட்டை ஒட்டி என் கத்தரியாலேயே நறுக்கினேன், கனகச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெருமிதத்தில் பழைய போனை இஸ்திரி போடும் அம்மாளுக்குக் கொடுத்தும்விட்டேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை என்பதும், கேட்டாலும் நறுக்கிய சிம் அதில் நிற்காது என்பதும் உனக்குத் தெரிந்ததே. மறுநாள் தையற்கூடத்தில் சாப்பாட்டு வேளையில் எல்லோரும் கூடியிருக்க, உன்னை அழைப்பதற்காக அதை இயக்கினேன். திரையில் ஒரு கட்டம் தோன்றி ஏதோ எண்ணைக் கேட்டது. மகள் அம்மாவுக்கு அனுப்பியதை வேறு எதைக் கொண்டு பூட்டியிருப்பாள் என்று நினைத்து உன் பிறந்த தேதியை அழுத்தினேன், தவறு என்றது. அத்துடன் நிறுத்தியிருப்பேன். ஆனால் பித்தான் துளை போடும் காஜா மேசையிலிருந்து உன் அத்தை எழுந்து வந்து, “குடுங்க அண்ணி, நீங்க பேப்பர் படிச்சவங்க, நான் போன் படிச்சவ” என்று என் கையிலிருந்து பறித்து, கண்டதையும் குத்தினாள். இனி ஒரே ஒரு முறைதான் முயலலாம் என்று திரை எச்சரித்த பிறகே அவள் விரல் ஓய்ந்தது. ஓய்ந்தவள் சும்மா இருந்தாளா, அதை முகத்துக்கு நேரே பிடித்துக் கூந்தலைச் சரிசெய்துகொண்டு, “அண்ணி, உங்க பொண்ணு அனுப்பினது போன் இல்ல, முகம் பாக்குற கண்ணாடி. அங்க வேணாம்னு தூக்கிப் போட்டத அம்மாவுக்குப் பார்சல் கட்டியிருக்கா” என்றாள். கூடமே சிரித்தது. அன்று முதல் பித்தான் தைக்கும் பெண்கள்கூட, “அக்கா, கொஞ்சம் கண்ணாடி குடுங்க, தலை கலைஞ்சிருக்கு” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். பழைய செய்தித்தாளில் சட்டை அளவு வெட்டும்போதே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். என்னைப் பேப்பர் படித்தவள் என்றதைப் பொறுத்துக்கொள்வேன். நீ எனக்குக் குப்பையை அனுப்பினாய் என்றதை மட்டும் பொறுக்க மாட்டேன்.

ஆகவே மொபைல் கடைக்காரரிடம் நேரில் சென்று விசாரித்தேன். அவர் அதன் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “போன் அருமையான போன்க்கா, நம்ம ஊர் அலைவரிசையும் இதுல எடுக்கும். ஆனா வித்த கம்பெனி தன்னோட சிம்ம மட்டும்தான் ஏத்துக்கணும்னு பூட்டி வச்சிருக்கு. திறக்கிற நம்பர் அவங்ககிட்டதான் இருக்கு, வாங்கினவங்க கேட்டாத்தான் குடுப்பாங்க” என்றார். எனவே நீ அந்த நிறுவனத்தாரை அணுகி, உன் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதை எடுத்துரைத்து, பூட்டுத் திறக்கும் எண்ணைப் பெற வேண்டும். அவர்கள் கேட்கக்கூடிய போனின் அடையாள எண்ணை இக்கடிதத்தின் மறுபக்கத்தில் பிழையற எழுதியுள்ளேன். எஞ்சியிருப்பது ஒரே வாய்ப்பு என்பதால் நீ எழுதும் எண்ணில் ஒன்று ஏழுபோலத் தோன்றலாகாது, எழுத்தாலும் எழுதிவிடு.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். நீ இருக்கும் ஊரிலேயே இருக்கும் உன் அத்தை மகனும் அவளுக்கு ஒரு போன் அனுப்பியிருக்கிறான், அதே நிறுவனத்தின் போன். உறை போட்டு, காஜா இயந்திரத்தின் அருகே எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறாள். யாராவது பேசச் சொன்னால் சார்ஜ் இல்லை என்கிறாள். நேற்று துணி கொடுக்கப் போனபோது திரையைக் கண்டேன். அதே கட்டம், அதே கேள்வி. அவளும் வியர்க்க வியர்க்க எதையோ குத்திக்கொண்டிருந்தாள். மகளே, எனக்குள் எழுந்த குளிர்ச்சியை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. விரல் மறுபடி இறங்கியபோது, “அத மூடி வை, கண்டத அமுக்காத” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இதை நீ இரக்கம் என்று எண்ணிவிடாதே. அவள் போன் ஒரேயடியாகச் செத்துப்போனால் விதியை நொந்துகொண்டு என் கையிலிருந்து தப்பித்துவிடுவாள். அது உயிரோடு இருக்க வேண்டும், திறக்கும் வழி என்னிடம் மட்டும் இருக்க வேண்டும்.

நீ செய்ய வேண்டியது இது. எண் கிடைத்ததும் எழுது. நான் இங்கே திறந்துவிட்டால் அன்றே உனக்கு ஒரு செய்தி அனுப்புவேன். மறுநாள் எங்கள் சாப்பாட்டு வேளையில் நீ அழைக்க வேண்டும். ஒலிபெருக்கியில் வைப்பேன். கண்ணாடி மணியடிக்க வேண்டும், கூடமே கேட்க வேண்டும். உன்னோடு நலம் விசாரித்து முடித்த பிறகு, அத்தனை பேர் முன்னிலையிலும் உன் அத்தையின் போனைக் கேட்டு வாங்கி, அவள் மகன் யாரிடம் எதைக் கேட்டு வாங்கினால் திறக்கும் என்பதை நிதானமாக விளக்கிச் சொல்வேன். இனி அவள் மகனோடு பேசும் ஒவ்வொரு முறையும், அண்ணி சொல்லித்தான் பேசுகிறேன் என்ற நினைவு அவள் தொண்டையில் நிற்கட்டும். இதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியவில்லை. அதுவரை அவள் மகன் உன்னிடம் வந்து கேட்டால் பொய் சொல்லாதே, பொய் நமக்கு அழகன்று. “அம்மாவுக்குத் தெரியும், அத்தைய அம்மாகிட்டயே கேக்கச் சொல்லு” என்று மட்டும் மரியாதையாகச் சொல்.

உன் அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, “ஒரு போனுக்கு இவ்வளவா, அவ என் தங்கச்சிடி” என்கிறார். அதனால்தான் இவ்வளவும் என்று பதிலுரைத்தேன். ஆய்வகத்தில் நின்றுகொண்டே சாப்பிடும் பழக்கத்தை விட்டுவிடு. குளிரில் காதை மூடிக்கொள். நீ எல்லா நலமும் பெற்று, தலைநிமிர்ந்து வாழ வாழ்த்துகிறேன். எழுதும் எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க மறவாதே.

இங்ஙனம்,
தலைகுனியாத உன் அம்மா

சீக்கிரம் பதில் போடு.