ஒரே ஒரு சிவப்பு

ஜூலை 4

அம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். எங்கே இருக்கிறேன் என்றுகூடச் சொல்லாதவளிடம் வேறென்ன கேட்பது? நாலு மாதமாகச் சித்தி சமையல்தான். ஒருநாள் உப்புக் கூடுதல், மறுநாள் உப்பே இல்லை.

உன் மிஷின் எங்கள் பள்ளிக்கு வந்துவிட்டது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கிறது. குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிடுகிறது: உண்மைக்குப் பச்சை, பொய்க்குச் சிவப்பு. முதல் ஆளாகக் கணக்கு டீச்சர் மைக்கைப் பிடித்து, "இந்தப் பசங்க ஒருத்தரையும் எனக்குப் பிடிக்காது" என்றார். சிவப்பு எரிந்தது. ஹாலில் இருந்த அறுநூறு பேரும் எட்டி எட்டிப் பார்த்தோம். டீச்சர் கண் கலங்கி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். என் அம்மா வேலை செய்த மிஷின் இது என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

விஷயத்துக்கு வருகிறேன். யூனிஃபார்ம் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மடிப்பைப் பிரித்து நீட்டித் தரும்படி தையல்கார அக்காவிடம் கொடுத்தேன். மடிப்புக்குள்ளிருந்து நகம் அளவு மெமரி கார்டு ஒன்று விழுந்தது. தைத்தது நீதான். உன் கோணல் தையல் எனக்குத் தெரியாதா? நாலு மாதமாக நான் சுமந்துகொண்டு அலைந்தது என்ன அம்மா?

வியாழக்கிழமை உன் கம்பெனி ஆட்கள் என்னை விசாரிக்க வருகிறார்களாம். இந்தக் கடிதத்தையும் அக்கா கையில்தான் கொடுக்கிறேன். அது எப்படி உன்னிடம் வந்து சேர்கிறது என்று கேட்க மாட்டேன்.

கோபத்துடன்,
வாலு

ஜூலை 7

என் வாலுக்குட்டிக்கு,

அம்மாவின் ஆயிரம் முத்தங்கள். எட்டு வருஷம் மிஷின்களைச் சோதித்தவள் ஒரு சின்ன விஷயத்தில் கோட்டை விட்டேன். நீ வளர்வாய் என்பதையே மறந்துபோனேன்! பக்கத்தில் இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

கார்டில் எட்டுப் பேருடைய குரல்கள் இருக்கின்றன. அந்த எட்டுப் பேர் எதைச் சொன்னாலும் பச்சை மட்டுமே எரியும்படி மிஷினை மாற்றி வைத்திருக்கிறார்கள். இப்போது கோர்ட்டிலும் அதே மிஷின்தான். அவர்கள் கை காட்டுகிற ஆள் ஜெயிலுக்குப் போவான். இதைக் கண்டுபிடித்ததால்தான் ஓடிவந்தேன். அவர்கள் யாரென்று எழுத மாட்டேன், நான் இருக்கும் இடத்தையும் எழுத மாட்டேன். உனக்குத் தெரியாததை எந்த மிஷினும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது. கார்டை அக்காவிடமே கொடுத்துவிடு. எங்கே அனுப்புகிறாள் என்று கேட்காதே.

பொய் மட்டும் சொல்லாதே, மாட்டிக்கொள்வாய். ஆனால் ஒன்று. ஒரு வார்த்தையை முந்நூறு பேரைச் சொல்ல வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பச்சைக்கும் போகாமல், சிவப்புக்கும் போகாமல் மஞ்சளிலேயே திணறியது. 'சும்மா' என்ற வார்த்தைதான். சொல்கிறவருக்கே அது நிஜமா மழுப்பலா என்று தெரியாது, பாவம் மிஷின் என்ன செய்யும்? மேலதிகாரிகளிடம் சொன்னேன், சிரித்தார்கள்.

தைரியமாக இரு கண்ணு.
அம்மா

ஜூலை 13

அன்புள்ள அம்மா,

நீ சொன்னபடியே கார்டை அக்காவிடம் கொடுத்துவிட்டேன், எங்கே அனுப்பினாள் என்று கேட்கவில்லை. வியாழக்கிழமை பிரின்சிபால் அறையில் ஒரு கோட்டுக்காரரும் ஒரு ஆபரேட்டரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் உன் மிஷின்.

"அம்மா எங்க இருக்காங்க?"

"தெரியாது." பச்சை.

"அவங்க எடுத்துட்டுப் போன கார்டு இப்ப எங்க?"

"தெரியாது." பச்சை.

கோட்டுக்காரர் முன்னால் சாய்ந்தார். "அந்தத் தையல் கடைக்கு அடிக்கடி எதுக்குப் போற?"

அக்கா அகப்பட்டால் நீயும் அகப்படுவாய்.

"சும்மாதான்."

மஞ்சள்.

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான் சார்."

மறுபடி மஞ்சள். ஆபரேட்டர் மிஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏன்யா தட்டுற?"

"சும்மா சார்."

அதற்கும் மஞ்சள்தான்! பிரின்சிபால் இருமுவது போலச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

கோட்டுக்காரருக்கு எரிச்சல். என்னை நோகடிக்கவென்றே கேட்டார்: "உங்கம்மா இனிமே வரப்போறதில்ல. அது உனக்கே தெரியும்தானே?"

"தெரியும். வர மாட்டாங்க."

ஏமாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை அம்மா. நாலு மாதமாக நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் துணிகளைக்கூடச் சித்தியிடம் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

சிவப்பு எரிந்தது.

அன்றைக்கு எரிந்த ஒரே சிவப்பு. கணக்கு டீச்சரைப் போல நானும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கே தெரியாமல் எனக்குள் இருந்ததை உன் மிஷின் எடுத்து வெளியே வைத்துவிட்டது. கோட்டுக்காரர் பெட்டியை மூடினார்.

இன்றைய பேப்பரில் முதல் பக்கத்திலேயே எட்டுப் பேருடைய படமும் வந்திருக்கிறது. அக்கா ஒன்றும் தெரியாதவள் மாதிரி பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

சித்தியிடமிருந்து உன் துணிகளைத் திருப்பி வாங்கிவிட்டேன். பாவாடையில் இன்னும் ஒரு மடிப்பு மிச்சம் இருக்கிறது. அதை நீ வந்து பிரித்துக் கொடு.

உன்,
வாலு