முழங்கை தேய்த்த மேசை

ஜூன் 6

முன்பின் அறியாத அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் காலி செய்துவிட்டுப் போன மூன்றாம் மாடி அறையில் இப்போது நான் இருக்கிறேன். திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறேன். இதய மருத்துவமனையிலிருந்து உங்களுக்கு ஒரு கவர் வந்தது. பிரிக்கவில்லை, இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் விலாசம் வாங்க வீட்டுக்காரரிடம் அரைநாள் கெஞ்சினேன்.

கவரிலிருந்த மருத்துவமனைப் பெயரை இரண்டு தடவை படித்தேன். எனக்கும் அங்கேதான் வைத்தியம். இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வு அழற்சியாகி நோகிறதாம். மாத்திரை போட்டால் அடங்கும், பிறகு மறுபடி வரும். இது மூன்றாவது தடவை. காசநோயா, வைரஸா, தைராய்டா என்று ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டார்கள். ஒன்றுமில்லை. காரணத்தை இன்னும் தேடுகிறோம் என்கிறார் டாக்டரம்மா. ஒருநாள் ஸ்டெதஸ்கோப்பை என் காதிலேயே மாட்டிவிட்டார். நெஞ்சுக்குள் யாரோ புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு கிரீச் கிரீச்சென்று நடக்கிறார்கள், அக்கா.

வலி வந்தால் படுக்க முடியாது. முன்னால் குனிந்தால்தான் கொஞ்சம் அடங்கும். ஜன்னலோர மேசையில் முழங்கையை ஊன்றினேன். அங்கே ஏற்கெனவே பாலிஷ் போய் இரண்டு வழவழப்பான குழிகள். அளவெடுத்ததுபோல் என் முழங்கைகள் அதில் உட்கார்ந்தன. பைத்தியக்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன். இந்த அறையில் இருந்தபோதுதான் உங்களுக்கும் இந்த வலி வந்ததா?

பதிலுக்குக் காத்திருக்கும்
மூன்றாம் மாடிக்காரி


ஜூன் 15

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆமாம், அங்கேதான் வந்தது. காரணம் தெரியாது என்றுதான் எனக்கும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். விடை தெரியாது என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

ஒன்று கேட்டுக்கொள். மேசையில் இருக்கும் அந்தத் தடம் என்னுடையது இல்லை. நான் குடிவந்தபோதே இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு கணக்குப்பிள்ளை. அந்த மேசையில் சாய்ந்தபடியே போய்விட்டாராம், கீழ்வீட்டில் சொன்னார்கள். அதைக் கேட்ட வாரமே பெட்டியைக் கட்டிவிட்டேன்.

இங்கே வந்தபிறகு ஒரு வலியும் இல்லை. மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். நீ அனுப்பிய கவரையும் பிரிக்காமல் குப்பையில் போட்டேன். டாக்டர்கள் உடம்பில் தேடுகிறார்கள். அது உடம்பில் இல்லை, அம்மா. அந்த அறையைக் காலி செய்.

உன் நல்லதுக்குச் சொல்லும்
அக்கா


ஜூலை 20

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த மேசைக்கு முதுகைக் காட்டி உட்காரவே பயந்தேன். பெட்டிகூடக் கட்டிவிட்டேன். கடைசியில் வெட்கத்தை விட்டு டாக்டரம்மாவிடம் அறையைப் பற்றிச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. சுவரில் ஈரமா, பூஞ்சையா, புறா அடைகிறதா என்று விசாரித்தார். பிறகு வெயிலில் போனால் முகம் சிவக்குமா, விரல் மூட்டு வலிக்குமா என்றார். நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிக்கிற கை வலிக்காமல் என்ன செய்யும்? அதனால் நான் அதை யாரிடமும் சொன்னதே இல்லை. அங்கேதான் தப்பு. புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். என்னைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே என்னை அடிக்கிறதாம். நெடுநாள் மருந்து சாப்பிட வேண்டும். நோய் இன்னதென்று தெரிந்த சந்தோஷத்தில் இனிப்பு வாங்கித் தின்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தக் கணக்குப்பிள்ளை சாகவே இல்லை, அக்கா. மகள் வீட்டில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாராம், வீட்டுக்காரர் சொன்னார். மேசை, மூடிப்போன ஏதோ ஆபீசில் வாங்கியதாம். பிறகு ஏன் என் முழங்கை பிசகாமல் அதே குழிக்குப் போகிறது என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்குத் தெரியவில்லை.

நீங்களாக மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வலி இல்லாமலே இதயத்தைச் சுத்தி நீர் சேரலாம். மூச்சு வாங்குதா, கால் வீங்குதான்னு கேளுங்க. இருந்தா உடனே வரச் சொல்லுங்க."

கேட்கிறேன். மூச்சு வாங்குகிறதா, அக்கா? போன் நம்பர் அனுப்புங்கள்.

கவலையோடு
தங்கை


ஆகஸ்ட் 11

அக்கா,

பதில் இல்லை. கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுதலாம். வீட்டுக்காரரிடமும் உங்கள் நம்பர் இல்லையாம். ஒன்றும் ஓடவில்லை எனக்கு, துணியைக் கோணலாக வெட்டித் தள்ளுகிறேன்.

கடையில் லீவு சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் சனிக்கிழமை வண்டியேறி வருகிறேன். உங்களைக் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப்போவேன். துரத்தினால் வாசலிலேயே உட்காருவேன். எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று என் அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

தங்கை


ஆகஸ்ட் 14

தங்கச்சிக்கு,

கோபம்தான். காரணம் கிடைத்துவிட்டது என்று நீ துள்ளிக்கொண்டு எழுதியிருந்தாய். உனக்குக் கிடைத்தது. அறையில் ஒன்றுமில்லை என்றால், என் நோய் என்னோடுதான் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது என்று ஆகிவிடுகிறதே. அதை எப்படி ஒப்புக்கொள்வேன்?

மூச்சு வாங்குகிறது. போனில் பேசினால் உனக்குக் கேட்டுவிடும் என்றுதான் நம்பர் அனுப்பவில்லை. கால் பொதபொதவென்று இருக்கிறது. சமையலறைக்குப் போக நடுவில் ஓர் இடத்தில் நின்றுகொள்கிறேன். வலி இல்லாததையே சுகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அறையை விட்டு ஓடி வந்துவிட்டேன், இதை விட்டு எங்கே ஓடுவது? பயமாக இருக்கிறது, தங்கச்சி.

மேல்வீட்டு அம்மாள் மருத்துவமனைக்குப் போகலாம் என்று தினமும் கூப்பிடுகிறாள். என் தங்கை வருகிறாள், அவளோடு போகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவும் அவளிடம்தான் கொடுக்கிறேன்.

சனிக்கிழமை வரை காத்திராதே. இது கிடைத்ததும் கிளம்பு. கதவைத் தாழ் போடாமல் சாத்தி மட்டும் வைத்திருப்பேன். கூப்பிட்டுப் பார். குரல் வராவிட்டால் நீயே தள்ளிக்கொண்டு உள்ளே வா.

உன்
அக்கா